தோய்க்காத ஜக்கெற்

ஒன்பதாவது சட்டையையும் முகர்ந்து பார்த்துவிட்டு மக்டலீன் கட்டிலில் எறிந்தாள். அதிலும் சவுக்காரத் தூளின் மணந்தான். பத்தாவதை எடுத்துக் கழுத்துப் பட்டியை விரித்து மூக்கை உள்ளே விட்டாள். புருசன் யோசேப்பு வருடக் கணக்காகப் போட்டுத் தேய்த்த சட்டை அது. அவனுடைய வேர்வை ஒரு துளிகூட அதில் மிச்சமில்லை.

அலுமாரியில் இனி முகர்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. சாரங்கள், பெனியன்கள், கம்பளித் தொப்பி, துவாய், தலையணை உறை எல்லாம் பார்த்தாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை கால்வாய்ப் பாலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவன் போட்டிருந்த காற்சட்டையும் ஸ்வெற்றரும்கூட, ஆஸ்பத்திரிக்காரர் சொப்பின் பையில் போட்டுக் கொடுத்தவை, நாலாக மடித்து மேல்தட்டில் இருந்தன. டொக்டர் ஊசி போட்டு மக்டலீன் மரக்கட்டை மாதிரிக் கிடந்த அந்தப் பின்னேரத்தில், மேல்மாடித் தேவமலர் வந்து வீட்டிலிருந்த அவன் உடுப்பு முழுவதையும் வாரிக்கொண்டு போய், நிலவறை மெசினில் நாலு தரம் போட்டு, காயவைத்து, அயன் பண்ணியும் வைத்துவிட்டாள். செத்தவருடைய உடுப்பைத் தோய்க்காமல் வைத்திருக்கக் கூடாது. ஊரில் என்றால் அதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஜேர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சனில் யார் வருவார்கள்? தேவமலர்தான் செய்ய வேண்டும். செய்தாள்.

உதவிக்கு வந்தவளை என்னவென்று ஏசுவது? ஏசினால் நாலு பேர் காறித் துப்புவார்கள். ஏசாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மக்டலீன் பத்தாவது சட்டையையும் எறிந்தாள்.

"அக்கா, தேத்தண்ணி கொண்டந்தனான்." தேவமலர் கதவடியில் நின்றாள். கட்டிலில் கிடந்த சட்டைகளைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "என்னக்கா, சரியா அயன் பிடிக்கேல்லையோ? அந்தக் கோடு போட்டது கொஞ்சம் சுருங்கித்தான் போச்சு."

"இல்லை மலர். நல்லாத்தான் தோய்ச்சிருக்கிறாய்."

"ஊத்தை உடுப்போட அவற்ர ஆத்மா அலையக் கூடாதெல்லே. அதுதான் ஒண்டும் விடாமப் பாத்துப் பாத்து எடுத்தனான்."

ஒன்றும் விடாமல். மக்டலீன் தேத்தண்ணியை வாங்கி யன்னல் படியில் வைத்தாள். குடிக்கவில்லை. வெளியே ஒக்டோபர் மாதத்து மழை, மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. பதினொரு மணிக்கு அடக்கம். அவளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் அவனுடைய மணம் உள்ள ஒரேயொரு துணி. நேற்றுப் பிரேத அறையில் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். குனிந்து நெற்றியில் கொஞ்சினாள். ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்துதான் மணத்தது. தலைமயிரை யாரோ வலப் பக்கம் வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள். இருபது வருடம் இடப் பக்கம் சீவிய மனிதன். வேறு யாருடைய பிரேதத்தையோ கொஞ்சியது போலத்தான் திரும்பி வந்தாள்.

யன்னலடியில் நிற்கும்போதுதான் ஜக்கெற்றின் நினைவு வந்தது. லாயத்தில் கிடக்கிற பச்சை ஜக்கெற். தேவமலருடைய கை எட்டாத ஒரே உடுப்பு.

"அன்ரன்!" என்று கூப்பிட்டாள். யோசேப்பின் தம்பி அன்ரன் குசினியில் யாருடனோ ரெலிபோனில் பேசிக்கொண்டிருந்தான். முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை, இரண்டு தெரு தள்ளி அகதிகள் ஹைமில் இருக்கிறான். டொச்சு மற்றவர்களைவிட நன்றாகப் பேசுவதால் மூன்று நாளாக எல்லா அலைச்சலும் அவன் தலையில். "தம்பி, ஒருக்கா லாயத்துக்குப் போய் உன்ர அண்ணைன்ர ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வா. உடன வா. வழியில ஒருத்தரிட்டயும் குடுக்காதை. தோய்க்கப் போடாதை."

அன்ரன் கட்டிலில் கிடந்த பத்துச் சட்டைகளைப் பார்த்தான். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த ஜக்கெற் லாயத்தில் கிடப்பதற்குக் காரணமே மக்டலீன்தான். இரண்டு வருடம் புருசனைப் பிரிந்திருந்து, கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்ட்டில் இறங்கி, எல்லை தாண்டி, எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில் இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது முதலில் அவள் மூக்கில் ஏறியது குதிரை நாற்றம். கதவுக்குப் பின்னால் அந்த ஜக்கெற் தொங்கியது.

"இதென்னப்பா, ஆட்டுக் கொட்டிலே?"

"ஆடில்லையடி. குதிரை," என்றான் யோசேப்பு. சிரித்துக்கொண்டு, ஏதோ பிள்ளை பிறந்த செய்தி சொல்வது போல.

விஷயம் இதுதான். எண்பத்தைந்தில் வந்தவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நகர எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. காலையில் எழும்பி, கால்வாய்க் கரையோரம் நடந்து, திரும்பி வந்து, தபாற்பெட்டியைப் பார்த்து, மறுபடி நடப்பான். அந்தக் கரையில் ஃபிராவ் ஓவர்காம்ப் என்ற விதவை மனுசியின் சின்னப் பண்ணை. வேலியில் பிடித்துக்கொண்டு நாள்தோறும் நின்றவனை அவள் ஒருநாள் கேட்டாள், குதிரை பழக்கமோ என்று. யோசேப்பு நெடுந்தீவான். எங்கள் தீவில் ஐந்நூறு குதிரை நிற்கிறது என்று சொல்லிவிட்டான். அது பொய்யும் இல்லை. ஆனால் நெடுந்தீவுக் குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் மேய்ந்து திரிபவை. அவன் வாழ்நாளில் ஒன்றைத் தொட்டவனில்லை. சின்ன வயதில் ஒன்று துரத்தி, கல்வேலி பாய்ந்து, முழங்காலை உடைத்துக்கொண்டவன். அந்தத் தழும்பை மக்டலீன் அறிவாள். அந்த மனுசி அறியாள். நம்பிக் கதவைத் திறந்துவிட்டாள்.

மோறிற்ஸ் என்று அந்தக் குதிரைக்குப் பெயர். யோசேப்பு அதை மச்சான் என்று கூப்பிட்டான்.

"உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லையெண்டு குறைப்படுவாயே. இப்ப ஒருத்தன் கிடைச்சிருக்கிறான்," என்று மக்டலீனைச் சீண்டுவான்.

"அந்தச் சீதேவியை அங்கேயே வைச்சிருங்கோ. அவன்ர நாத்தம் என்ர வீட்டுக்கை வரக் கூடாது."

அன்றையிலிருந்து ஜக்கெற் லாயத்து ஆணியில் தொங்கியது. வீட்டுக்கு வந்தால் யோசேப்பு முழங்கை வரை மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவுவான். கழுவியும் அது போகாது. பக்கத்தில் படுத்தால் மக்டலீன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். அவன் மெதுவாகக் கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளிப் படுப்பான்.

போன வருடக் கடைசியில் ஃபிராவ் ஓவர்காம்ப்புக்கு இடுப்பில் ஒப்பரேசன் வந்தது. இருபத்திரண்டு வயதுக் குதிரையை இனி யார் பார்ப்பது என்று குதிரை இறைச்சிக் கடைக்காரனுக்குச் சொல்லியனுப்பினாள். அவன் வானோடு வந்தபோது யோசேப்பு படலைக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். அதன்பிறகு மனுசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குதிரையை அவனுக்கே கொடுத்துவிட்டாள். இடத்துக்கும் புல்லுக்கும் பதிலாகப் பண்ணை வேலையில் கைகொடுத்தால் போதும் என்றாள். இரண்டு வருடத்துக்கு மேலாக அசூல் என்கிற அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத மனிதனுக்கு இந்த நாட்டில் சொந்தம் என்று எழுதிக் கிடைத்த முதல் தாள் அது. அதை நெஞ்சுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஓடிவந்து மனைவியிடம் காட்டினான்.

"நான் விசா வந்திட்டுதாக்குமெண்டு நினைச்சன்," என்றாள் மக்டலீன். "ஒரு நாளும் ஏறி ஓடாத குதிரை உங்களுக்கு என்னத்துக்கு?"

அவன் தாளை மடித்து வைத்தான்.

அன்ரன் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"எங்க?"

"குடுக்கேல்லை அண்ணி." சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். "மாட்டனெண்டு சொல்லேல்லை. கெஞ்சிக் கேக்கிறா. குதிரை செவ்வாயில இருந்து ஒண்டும் தின்னேல்லையாம். படலையைப் பாத்தபடி நிக்குதாம். நேற்று மத்தியானம் ஜக்கெற்றை எடுத்துத் தொட்டிக்கு மேல கொழுவினாப் பிறகுதான் ரெண்டு வாய் புல்லுத் திண்டதாம். அதை எடுத்தால் திரும்பவும் நிப்பாட்டிப் போடுமாம். வயசு போன குதிரை, இப்பிடியே கிடந்தால் குடல் பிரண்டு செத்துப்போமெண்டு மாட்டு டொக்டர் சொன்னவராம். ஒரு கிழமைக்கு விட்டுத் தரச் சொல்லிக் கேக்கிறா."

மக்டலீனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என்ர மனுசன்ர ஜக்கெற்றைக் குதிரைக்கோ? நானும்தான் செவ்வாயில இருந்து தின்னேல்லை. எனக்கு ஆரும் எதையும் கொழுவிவிட்டவையோ?"

குசினிக்குள் தேவமலர் சட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு கிழமையால அதில என்ன மணம் மிஞ்சும்? அது மூக்கைத் தேய்ச்சுத் தேய்ச்சு முழுக்கத் தன்ர நாத்தமாக்கிப் போடும். வேண்டாம். அடக்கம் முடியட்டும். நானே போய் எடுக்கிறன்."

சவக்காலையில் பதினான்கு பேர் நின்றார்கள். ஸ்ருட்கார்ட்டில் இருக்கும் யோசேப்பின் ஒன்றுவிட்ட அண்ணன் ஜேசுரட்ணம் வரவில்லை. அவர் இருக்கும் மாவட்டத்தை விட்டு வெளிக்கிட அனுமதி கேட்டிருந்தார். திங்கட்கிழமை வந்து கேட்கச் சொல்லி டெர்மின் கொடுத்திருக்கிறார்களாம். அதுக்குப் பிறகு வந்து மூடின மண்ணைத்தான் பார்க்கலாம். ஃபிராவ் ஓவர்காம்ப்பும் வரவில்லை. குதிரையைத் தனியே விட்டுவிட்டு வர ஏலாதாம். அதையும் மக்டலீன் மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டாள்.

டொச்சுப் பாதிரியார் நல்ல மனிதர். பெயரை மட்டும் யோசெஃப், யோசெஃப் என்று நாலைந்து தரம் சொன்னார். பெட்டியை இறக்கும்போது தேவமலர் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ர அண்ணையே..." என்று குரலெடுத்தாள். அடுத்த கல்லறையில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். தேவமலரின் குரல் பாதியில் நின்றுவிட்டது. கையை நெஞ்சிலிருந்து எடுத்து, சால்வையைச் சரிசெய்தாள். மக்டலீனுக்கும் கத்தி அழ வேண்டும் போல்தான் இருந்தது. அந்த இடத்தில் எப்படி அழுவதென்று தெரியவில்லை.

ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். பாதிரியார் கைகொடுத்துவிட்டுப் போனார். அதோடு முடிந்துவிட்டது என்று அந்த நாட்டுக்காரருக்குத் தெரியும். இவர்களுக்குத் தெரியவில்லை. குழி மூடாமல் எப்படிப் போவது? பதினான்கு பேரும் குழியைச் சுற்றி நின்றார்கள். கொஞ்சத் தூரத்தில் கறுப்புத் தொப்பி போட்ட இரண்டு பேர் மண்வெட்டிகளைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள். அவர்கள் மூடட்டும் என்று இவர்கள் பார்த்து நின்றார்கள். இவர்கள் போகட்டும் என்று அவர்கள் பார்த்து நின்றார்கள். மழை பலத்தது. இருபது நிமிடம் இருக்கும், தொப்பிக்காரரில் ஒருவர் வந்து அன்ரனின் காதில் ஏதோ சொன்னார்.

"நாங்கள் போனாப் பிறகுதானாம் மூடுவினம்," என்றான் அன்ரன். "இஞ்ச அப்பிடித்தானாம்."

"திறந்த குழியை விட்டிட்டோ?" என்றாள் தேவமலர்.

முதலில் நடந்தவள் மக்டலீன்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் நடந்தாள்.

படலையடியில் தேவமலர் கையைப் பிடித்தாள். "நான் முன்னுக்குப் போய்ச் சுடுதண்ணி பிடிச்சு வைக்கிறன் அக்கா. நீங்கள் நேர வீட்டை வந்து முழுகுங்கோ."

மற்றவர்கள் மூன்று காரில் போனார்கள். அன்ரன் தன் பழைய காரின் கதவைத் திறந்துவிட்டான்.

"லாயத்துக்கு விடு."

"அண்ணி, செத்தவீட்டால வந்து ஒருத்தற்ற வீட்டுக்கும் போகக் கூடாதெல்லே. முழுகிப்போட்டுப் போவம்."

"வீட்டுக்கோ போறம்? கொட்டிலுக்குத்தானே. குதிரைக்கு என்ன துடக்கு?"

அன்ரன் காரைக் கால்வாய்ப் பக்கம் திருப்பினான். பாலத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தான். யோசேப்பு விழுந்த இடம் எது என்று அவனுக்குத் தெரியும். மக்டலீன் கேட்கவில்லை.

ஃபிராவ் ஓவர்காம்ப் றப்பர்ச் சப்பாத்தோடும் கைத்தடியோடும் முற்றத்தில் நின்றாள். அறுபது அறுபத்தைந்து வயது, அகலமான மனுசி. முகம் அழுது வீங்கியிருந்தது. மக்டலீன் இந்த மனுசியை ஏச வேண்டிய வசனங்களையெல்லாம் காருக்குள் இருந்து தமிழில் அடுக்கிக்கொண்டு வந்தவள். அந்த வீங்கிய கண்ணைப் பார்த்ததும் முதல் வசனமே வாயில் வரவில்லை.

மனுசி பேசினாள். அன்ரன் சொன்னான்:

"குதிரை இப்ப உங்கடதாம் அண்ணி. ஜக்கெற்றும் உங்கடதாம். தனக்கு ஒரு உரிமையும் இல்லையாம், கேக்கத்தான் ஏலுமாம்."

"எங்க கிடக்கு?"

லாயத்துக்குள் வெளிச்சம் குறைவு. மக்டலீன் ஒன்றரை வருடத்தில் ஒரு தரம்கூட உள்ளே வந்ததில்லை. கடைசித் தடுப்பில் அது நின்றது. அவள் நினைத்ததைவிடப் பெரிது. மண்ணிறம், கண்ணைச் சுற்றி நரை. தொட்டி நிறையப் புல் கிடந்தது. தொட்டிக்கு மேலே ஆணியில் பச்சை ஜக்கெற். கோவிலில் தர்மத்துக்குக் கொடுத்தது, இடக் கை மடிப்பில் மக்டலீன் கறுப்பு நூலால் தைத்த பொத்தல். குதிரை அதன் மேல் மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

ஃபிராவ் ஓவர்காம்ப் தடுப்பில் சாய்ந்துகொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினாள். நீளமாகச் சொன்னாள். நடுவில் இரண்டு தரம் மூக்கைத் துடைத்தாள். 'மச்சான்' என்ற சொல் மட்டும் மக்டலீனுக்கு விளங்கியது.

"என்ன சொல்லுறா?"

அன்ரன் தொண்டையைச் செருமினான். "குதிரை வைச்சிருக்கிற சனம் எல்லாரிட்டயும் இவ ஒரு கேள்வி கேக்கிறவவாம். குதிரையால உனக்குக் கிடைக்கிறதில பெரிசு எது எண்டு. இவவின்ர மகள் சொல்லுவாவாம், ஏறி ஓடுறது எண்டு. புருசன் இருக்கேக்க சொல்லுவாராம், உழைப்பு எண்டு. தனக்கு, பக்கத்தில நிண்டால் மண்டைக்குள்ள இருக்கிற சத்தம் அடங்குமாம், அதுதானாம். அண்ணையிட்டயும் கேட்டவவாம்."

"அவர் என்ன சொன்னவராம்?"

"அண்ணை தன்ர உடைஞ்ச டொச்சில சொன்னவராம். இந்த நாட்டில நான் போற இடமெல்லாம் நான்தான் காத்துக்கொண்டு நிக்கிறன். கந்தோரில நிக்கிறன், டொக்டரிட்ட நிக்கிறன், தபால்காரனுக்கு நிக்கிறன். காலமை ஆறு மணிக்கு இஞ்ச வந்தால் மட்டும் எனக்காக ஒருத்தன் காத்துக்கொண்டு நிக்கிறான். என்ர சப்பாத்துச் சத்தம் கேட்டாலே அவனுக்குத் தெரியும், நான்தானெண்டு." அன்ரன் நிறுத்தினான். "அவ்வளவும்தான் அண்ணி."

"ஏன், வீட்டில நான் இருக்கேல்லையோ?"

கேள்வி தமிழில் இருந்தது. அன்ரன் அதை டொச்சில் சொல்லவில்லை. ஃபிராவ் ஓவர்காம்ப் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மக்டலீன் வீட்டில்தான் இருந்தாள். ஐந்தரை மணிக்கு யோசேப்பு எழும்புவான். லைற் போட மாட்டான். இருட்டிலேயே உடுப்பை மாற்றிக்கொண்டு, போகுமுன் அறை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பான். அவள் முழித்துத்தான் இருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். விடியமுன்னம் குதிரைக்கு ஓடுகிற மனிதனுக்கு எதற்கு முகம் கொடுக்க வேண்டும் என்ற கோபம். செவ்வாய்க்கிழமையும் அவன் நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். வழமையைவிடக் கொஞ்சம் கூட நேரம் நின்றான் போல அவளுக்கு இப்போது தோன்றியது. அது உண்மையோ, தானே இட்டுக்கட்டுகிறாளோ தெரியவில்லை. ஒரு தரம் கண்ணைத் திறந்திருக்கலாம். பாவி, ஒரேயொரு தரம்.

தடுப்பின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணி, கவனம்."

கையை நீட்டி ஆணியிலிருந்து ஜக்கெற்றைக் கழற்றினாள். குதிரையின் தலை ஜக்கெற்றோடு கூடவே வந்தது. அவள் பின்னால் போனாள், சுவர் முதுகில் முட்டியது. அவ்வளவு பெரிய தலை ஒரு சாண் தூரத்தில் நின்று மூச்சு விட்டது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஆனாலும் விடவில்லை. ஜக்கெற்றின் கழுத்துப் பட்டியை விரித்து முகத்தை உள்ளே புதைத்தாள்.

இருந்தது. அவன் இருந்தான். வேர்வை, சிகரெட், தலைக்கு வைக்கிற எண்ணெய், புல், ஈரம், எல்லாவற்றுக்கும் மேலே குதிரை. அவள் குதிரையை விலக்கிவிட்டு அவனை மட்டும் எடுக்கப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். முடியவில்லை. எது அவன், எது குதிரை என்று பிரிக்க முடியவில்லை. மூன்று தரம் சவுக்காரம் போட்டும் போகாமல் கட்டிலின் ஓரத்தில் படுத்திருந்த மணம் இதுதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட மணம் இதுதான். இன்று காலை பத்துச் சட்டைகளில் தேடியதும் இதைத்தான். இந்த நாட்டில் அவனுக்கு வேறு மணம் இருக்கவேயில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. சவக்காலையில் வராத அழுகை, சத்தம் போட்டு வந்தது. குதிரை காதை முன்னுக்குத் திருப்பியது. போகவில்லை.

ஜக்கெற்றின் பொக்கற்றை அது மூக்கால் இடித்தது. மறுபடி இடித்தது. மக்டலீன் கையை உள்ளே விட்டாள். காய்ந்த பாண் ஓரங்கள். காலைச் சாப்பாட்டில் ஓரங்களை மட்டும் பிய்த்து எடுத்து வைக்கிறவனை, "சின்னப் பிள்ளையே, ஓரத்தைத் தின்னாமல் எறியிறியள்?" என்று எத்தனை நாள் பேசியிருக்கிறாள். ஒரு துண்டை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஃபிராவ் ஓவர்காம்ப் தன் கையை விரித்துக் காட்டினாள், விரலை மடக்காமல் தட்டையாக.

மக்டலீன் அப்படியே விரித்தாள். தடித்த, சூடான சொண்டு உள்ளங்கையை மூடியது. பல் படவில்லை. பாண் கறமுறவென்று நொறுங்கியது. இரண்டாவது துண்டும் கொடுத்தாள். மூன்றாவதும். பொக்கற்றில் இருந்தது அவ்வளவுதான். குதிரை அவள் கையை நக்கியது. மணிக்கட்டு வரைக்கும் நக்கி, பிறகு அவளுடைய தோளுக்கு மேலாகத் தலையை நீட்டிப் படலைப் பக்கம் பார்த்தது. இவள் அவன் இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அவள் ஜக்கெற்றை மறுபடி ஆணியில் கொழுவினாள். கழுத்துப் பட்டி வெளிப் பக்கம் இருக்கும்படி திருப்பிவிட்டாள்.

"எடுக்கேல்லையோ அண்ணி?"

"கிடக்கட்டும். அது இன்னும் பாத்துக்கொண்டெல்லே நிக்குது."

ஃபிராவ் ஓவர்காம்ப் அவளுடைய கையைப் பிடிக்க வந்தாள். மக்டலீன் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள். மனுசி தவறாக நினைத்திருக்கலாம். நினைத்தால் நினைக்கட்டும்.

காருக்குள் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வந்தாள். சீலையில்கூடப் படவிடவில்லை. அன்ரன் ஒரு தரம் பார்த்துவிட்டு, பிறகு வீதியையே பார்த்து ஓட்டினான்.

வீட்டு வாசலில் தேவமலர் புதுத் துவாயோடும் புதுச் சவுக்காரக் கட்டியோடும் நின்றாள். உள்ளே சோறு வெந்த மணம். வந்தவர்கள் எல்லாரும் தலை ஈரமாக இருந்தார்கள்.

"ஏனக்கா இவ்வளவு நேரம்? ஒண்டையும் தொடாதேங்கோ, நேர உள்ளுக்குப் போங்கோ. நல்லாத் தேய்ச்சு முழுகுங்கோ. சீலையைக் கழட்டி வெளியில போடுங்கோ, உடன மெசினுக்கை போட்டுவிடுறன்." பக்கத்தில் வந்தவள் மூக்கைச் சுருக்கினாள். "என்னக்கா இது, ஒரு மாதிரி நாறுது?"

"ஓம்," என்றாள் மக்டலீன்.

குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். குழாயை முழங்கையால் தள்ளித் திறந்தாள். தொட்டியில் சுடுதண்ணீர் விழத் தொடங்கியது. சவுக்காரக் கட்டி கடதாசி பிரிக்காமல் ஓரத்தில் இருந்தது. அவள் சீலையோடு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து முகத்தை அதற்குள் வைத்தாள்.

வெளியே தட்டினார்கள்.

"அக்கா, தண்ணி சுடுதே?"

"ஓம் மலர். நல்லாச் சுடுது."

"ஆறுதலா முழுகிப்போட்டு வாங்கோ. சாப்பாடு போட்டு வைக்கிறன்."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் புகார் படிந்துவிட்டது. மக்டலீன் இரண்டு கைகளையும் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் பிடித்துக்கொண்டு இருந்தாள்.